உதைக்க உடலற்ற கனவான்

நம் நாட்டில் ஒரு கனவான் வாழ்கிறார். அவருக்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லை. பதிவு அத்தாட்சிப் பத்திரம் உண்டு. அவர் உண்பதில்லை, ஆயினும் அவருடைய விருந்துச் செலவு ஆண்டுதோறும் கணக்கிற் காட்டப்படுகிறது. அவர் உறங்குவதில்லை, ஆயினும் கொழும்பிலே கண்ணாடி மாளிகை ஒன்று அவருக்கு வாசத்தலமாக இருக்கிறது. காணி வாங்குவார், விற்பார், வழக்குத் தொடுப்பார், வழக்கிற் சிக்குவார். வாக்காளர் இடாப்பில் மாத்திரம் அவர் பெயர் இல்லை. அதனால் அவருக்கு வந்த குறை ஒன்றுமில்லை. இடாப்பிற் பெயருள்ள நம்மைக் காட்டிலும், பெயரில்லாத அவர் சொல்லுக்கே எக்கட்சி அமைச்சரும் விரைந்து செவி சாய்க்கின்றனர்.

அவர்தாம் கம்பனி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அவரைத் தம் பங்குதாரரினின்றும் வேறான தனிச் சட்ட ஆளாக ஏற்றுக் கொண்டிருக்கிறது. பங்குதாரர் ஒரேயொருவராக இருந்தாலும் போதும். காலையில் ஒருவராக எழுந்தவர், கம்பனிப் பதிவாளரிடம் சென்று வந்தபின் மாலையில் இருவராக வீடு திரும்பலாம். மனைவிக்குச் சோற்றுச் செலவு கூடாது. வருமான வரித் திணைக்களத்துக்குக் கோவை ஒன்று கூடும், அவ்வளவே.

இக் கனவானின் பெயருக்குப் பின்னால் 'லிமிட்டெட்' என்று ஒரு வால் தொங்குகிறது. வரையறுக்கப்பட்டது என்பது அதன் பொருள். எது வரையறுக்கப்பட்டது? இலாபமா? அதற்கு வரையறை வைக்க இன்றுவரை எந்தப் பாராளுமன்றமும் துணிந்ததில்லை. வட்டியா? கடன் எடுத்த எமது கமக்காரச் சகோதரரைக் கேளுங்கள். பேராசையா? சிரிக்காதீர்கள். வரையறுக்கப்பட்டது பொறுப்பு ஒன்றே. பத்து ரூபாப் பங்கு வாங்கியவர் அப் பத்து ரூபாவை இழக்கலாம். அதற்குமேல் அவர் வீட்டுப் படலையைக் கம்பனியின் கடன்காரர் எவரும் தட்ட முடியாது. இவ் வரத்தை 1855ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பாராளுமன்றம் பொதுவாக வழங்கிற்று. ஆறே ஆண்டுகளில், 1861இன் 4ஆம் இலக்கக் கூட்டுப் பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டத்தின் மூலம் அது கடல் கடந்து இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. நமக்குக் கேட்டவை எவையும் இத்துணை விரைவில் வந்ததாக நாம் அறியோம்.

இக் கனவானுக்குப் பட்டாபிஷேகம் நடந்த கதை சட்டக் கல்லூரி மாணவர் யாவர்க்கும் தெரியும். அதைக் கமக்காரரும் அறிதல் நன்று. இலண்டனில் ஆரன் சலமன் என்றொரு சப்பாத்து வியாபாரி இருந்தார். 1892இல் தமது கடையை ஒரு கம்பனியாக்கினார். அக்காலச் சட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும். சலமனும் மனைவியும் மகளும் ஆண்மக்கள் நால்வரும் சேர ஏழு. குடும்பத்தினர் அறுவருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு; சலமனுக்கு இருபதினாயிரத்து ஒரு பங்கு! பின்பு சலமன் என்ற மனிதர், சலமன் என்ற கம்பனிக்குத் தம் கடையை ஏறக்குறைய 39,000 பவுணுக்கு விற்றார். விலையும் அவர் சொன்னதே, அதற்கு உடன்பட்டதும் அவரே. அத்தொகையில் 10,000 பவுணைக் கம்பனி தமக்குத் தரவேண்டிய ஈட்டுக் கடனாக எழுதிக் கொண்டார். அடுத்த ஆண்டே வியாபாரம் நொடித்தது. தோல் கொடுத்தவரும் சரக்குக் கொடுத்தவரும் வந்து நின்றனர். ஈட்டுக் கடன்காரர் முதலில் எடுத்தபின் மற்றையோருக்கு ஒரு சதமும் மிஞ்சாது என்ற நிலை.

இது கடன்காரரை ஏய்க்கும் சூழ்ச்சி என்றது மேன்முறையீட்டு மன்று. சாதாரண மனிதரின் கண்ணுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை ஏகமனதாக வேறு தீர்ப்பு வழங்கிற்று: சலமன் வேறு, சலமன் கம்பனி வேறு, கம்பனி பட்ட கடனுக்குச் சலமன் பிணையல்லர். சலமனும் பாவம், தம் உடைமையை இழந்தே நின்றார். அவரை நாம் ஏசவில்லை. அவர் பெயரால் பின் வந்தவர்கள் அடைந்த செல்வத்தையே நோக்குகிறோம். இன்று நாடு நாடாகக் கம்பனிகளைத் தாங்கி நிற்கும் மாளிகைக்கு அத்தீர்ப்பே அத்திவாரம்.

இனி எமது பக்கத்து மனிதருக்கு வருவோம். கிளிநொச்சியில் பெரும்போகத்துக்கு நெல் விதைக்கிறவர், இடைக்காட்டில் வெங்காயம் நடுகிறவர், இவர்கள் கடன் கேட்டுப் போனால் என்ன நிகழ்கிறது? அடையாள அட்டை, காணி உறுதி, இரு பிணையாளர், பிணையாளரின் சம்பளச் சீட்டு. பிணை நிற்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருப்பார். அச்சடித்த பத்திரத்தில் புள்ளடி போட்ட இடத்தில் ஒப்பம் வைப்பார். வாசித்துப் பார்ப்பதில்லை, வாசித்தாலும் விளங்கும்படி அது எழுதப்படுவதில்லை.

அப்பத்திரத்தில் ஒளிந்திருக்கும் வாசகம் ஒன்றை மட்டும் இங்கே வெளிச்சத்துக்குக் கொணர்வோம். நம் நாட்டில் வழங்கும் ரோம ஒல்லாந்தச் சட்டம் பிணையாளிக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. கடன் கொடுத்தவர் முதலிற் கடனாளியின் சொத்தை விற்றுப் பார்க்க வேண்டும். அது போதாதபோதுதான் பிணையாளியிடம் வரலாம் என்பதே அது. நல்ல சட்டம், நூற்றாண்டுகள் கண்ட சட்டம். அச்சடித்த பத்திரமோ, 'அச் சலுகையை நான் துறக்கிறேன்' என்று பிணையாளியைக் கொண்டே சொல்விக்கிறது. துறவறத்தை முனிவர்க்கு மட்டும் உரியதென்று நினைத்திருந்தோம். வங்கிகள் அதை ஆசிரியர்க்கும் எழுதுவினைஞர்க்கும் எளிதாக்கிவிட்டன!

கடன் தவறினால்? 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சிறப்பேற்பாடுகள் சட்டம் இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் சத்தியக் கடதாசியுடன் மன்றுக்குச் சென்றால், எதிரியை அழைக்குமுன்னரே நிபந்தனைத் தீர்ப்பு ஒன்று பிறக்கும். அதன்பின் எதிரி தோன்றி விளக்கம் கூற விரும்பினால், கூறுவதற்கு முதலில் மன்றின் அனுமதியைப் பெறல் வேண்டும். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குங் கூட வாய் திறக்க அனுமதி வேண்டியதில்லை. உழவு இயந்திரத் தவணை தவறியவனுக்கு வேண்டும். அதே ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமோ இன்னும் ஒரு படி மேல். சிறு கடன்களுக்கு அது பொருந்தாது. ஆலை வைத்தவர், கடைத்தொகுதி கட்டியவர் ஆகியோர்க்கு உரியது. அதன்படி வங்கியின் பணிப்பாளர் சபை கூடித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றினால் ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலத்தில் விற்கலாம். வாதியே நீதவான், அவரே பிஸ்கால், கூறுகிறவரை அமர்த்துபவரும் அவரே. கூக்குரல் மிகுந்ததால் 2024இல் அவ்வதிகாரத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தி வைத்தார்களேயன்றி நீக்கிவிடவில்லை.

இதைக் கேட்கும் எமது வர்த்தக அன்பர், 'நானும் கம்பனி பதிந்திருக்கிறேனே, எனக்கும் சலமனின் கவசம் உண்டல்லவா?' என்பார். உண்டு ஐயா, வங்கி வாசல்வரை. உள்ளே சென்றதும், கம்பனியின் கடனுக்குப் பணிப்பாளர் என்ற முறையில் நீரே தனிப்பட்ட பிணை எழுதும் என்பார்கள். எழுதாவிடிற் கடன் இல்லை. எழுதினாற் கவசம் இல்லை. கொழும்புப் பெருங்குழுமத்தின் பணிப்பாளரிடம் இப்படிக் கேட்க ஆளுண்டோ? ஆகவே 'லிமிட்டெட்' என்ற சொல்லின் பயன், பிணை எழுத மறுக்கும் வலிமை உள்ளவர்க்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது.

போர் முடிந்த 2009இன் பின் வடக்கு கிழக்குக்கு முதலில் வந்து சேர்ந்தவை தொழிற்சாலைகள் அல்ல, லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளுமே. ஐந்து பெண்களை ஒரு குழுவாக இருத்தி, ஒருத்தியின் கடனுக்கு மற்ற நால்வரையும் பிணையாக்கினார்கள். கணவனை இழந்த பெண்ணுக்குப் பொறுப்புக்கு வரையறையில்லை. அவளுக்குக் கடன் கொடுத்த கம்பனிக்கு உண்டு. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் பொஹோஸ்லாவ்ஸ்கி, இக்கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம் வரை செல்வதை எடுத்துரைத்தார். சங்கிலி அரசனின் காலத்து வட்டிக்காரனும் இதைக் கேட்டால் காதைப் பொத்திக் கொள்வான்.

கம்பனி ஆட்சி நமக்குப் புதியதன்று. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றியவர் ஒல்லாந்து அரசர் என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். அரசருமில்லை, குடியரசுமில்லை, 1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி! நம் முன்னோரை ஆண்ட அதிகாரிகளின் பதவிப் பெயர்களைப் பாருங்கள்: வியாபாரி, உப வியாபாரி, மேல் வியாபாரி. நம் யானைகளை விற்றும், சாயவேரை ஏற்றியும், சங்கு குளிப்பித்தும் பெற்ற ஆதாயத்தை அம்சுடர்டாமிற் பங்குதாரர் பகிர்ந்துண்டனர். நம் தேசவழமையும் அக்கம்பனியின் அதிகாரி கிளாஸ் ஐசாக்சின் கையால் தொகுக்கப்பட்டு 1707இற் கையளிக்கப்பட்டதே. ஓர் இனத்தின் குடும்பச் சட்டத்தைக் கம்பனியின் உத்தியோகத்தர் எழுதித் தந்த விந்தை உலகில் எங்கெங்கு நடந்ததோ நாம் அறியோம், யாழ்ப்பாணத்தில் நடந்தது.

அக்கம்பனியின் கணக்கு வழக்கு எப்படி இருந்தது? 1622இல் அதன் பங்குதாரர் சிலரே கொதித்தெழுந்து துண்டுப் பிரசுரம் வெளியிட்டனர். கணக்குப் புத்தகங்களுக்குப் பன்றிக் கொழுப்பைத் தடவி நாய்க்குப் போட்டுவிட்டார்களோ என்று அவர்கள் ஏளனஞ் செய்தனர். இறுதியில் 1796இல் அரசு அதைக் கையேற்றது, பெருங்கடனோடு. 1799 டிசம்பர் 31உடன் பட்டயம் காலாவதியானது. கம்பனியின் மூன்று முதலெழுத்துக்களுக்கு 'ஊழலால் அழிந்தது' என்று ஒல்லாந்தரே புதுப்பொருள் கற்பித்தனர். இலாபம் பங்குதாரர்க்கு, கடன் குடிமக்களுக்கு என்ற தத்துவம் இவ்வாறு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பூரணமாகிவிட்டது. பின் வந்தோர் செய்ததெல்லாம் பூச்சியங்களைக் கூட்டியதே.

எத்தனை பூச்சியங்கள்! 2008 செப்டம்பரில் ஏ.ஐ.ஜி. என்ற அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனி கவிழவிருந்தபோது அரசு 8,500 கோடி டொலருடன் ஓடி வந்தது. பின்னர் அவ்வுதவி ஏறக்குறைய 18,200 கோடி டொலர் வரை விரிக்கப்பட்டது. இலாபம் வந்த நாட்களில் அரசு சந்தையிற் கைவைத்தல் பாவம் என்று பிரசங்கித்தவர்கள், நட்டம் வந்த காலையில் நல்ல சோஷலிஸ்டுகளாக எழுந்தனர். 2009 மார்ச்சில் அக்கம்பனியை அவ்விடர்க்கு ஆளாக்கிய அதே பிரிவினருக்கு 16.5 கோடி டொலர் ஊக்கப்பணம் வழங்கப்பட்டது. திறமைசாலிகளை இழந்துவிடலாகாதாம்! அப்பணம் அரசுக்கு 2012 முடிவுக்குள் இலாபத்தோடு திரும்பியது என்பதையும் நேர்மையின் பொருட்டுச் சொல்லி வைக்கிறோம். ஆனால் அவ்வாண்டுகளில் வீட்டை இழந்த அமெரிக்கத் தொழிலாளிக்கு அத்தகைய பொறுமையை எவரும் காட்டவில்லை.

ஒழுக்கத்தைப் பற்றியும் இக்கனவான் பேசுவார். என்ரோன் என்ற எரிபொருட் கம்பனி 2000ஆம் ஆண்டில் 64 பக்கத்தில் ஒழுக்கக் கோவை அச்சிட்டு ஊழியருக்கு வழங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டில், தம் நிதித் தலைவர் தாமே நடத்திய கூட்டுக்களோடு கம்பனி வியாபாரஞ் செய்ய வசதியாக, ஒழுக்கக் கோவையின் விதியிலிருந்து அவரைப் பணிப்பாளர் சபை தீர்மானம் போட்டு விடுவித்திருந்தது. தீர்மானத்தால் நிறுத்தி வைக்கக்கூடிய ஒழுக்கம்! 2001 டிசம்பர் 2இல் கம்பனி வங்குரோத்து மனுச் செய்தது. ஓய்வூதியத்தை அதன் பங்குகளில் வைத்திருந்த ஊழியர்கள் கையிற் கோவை மட்டும் எஞ்சிற்று.

இக்கனவானுக்குக் கருத்தும் உண்டு. 2010இல், தேர்தலிற் பணஞ் செலவிட்டுக் கருத்துரைக்கும் உரிமை கம்பனிக்கும் உண்டென்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2014இல், ஒரு சிலர் கைக்குள் இருக்கும் கம்பனிக்கு மத நம்பிக்கையின் பாதுகாப்பும் உண்டென்றது. கலியாணமும் உண்டு: 2000இல் ஏ.ஓ.எல்.லும் டைம் வார்னரும் மாலை மாற்றப் போவதாக உலகுக்கு அறிவித்தன, 2002ஆம் ஆண்டின் நட்டம் ஏறக்குறைய 9,900 கோடி டொலர், 2009இல் விவாகரத்து. கருத்து, மதம், கலியாணம் எல்லாம் ஆயிற்று. இல்லாதது ஒன்று: சிறை செல்லும் உடல். பேர்டியூ என்ற மருந்துக் கம்பனி வலிபோக்கி மாத்திரை ஒன்றை, அது அடிமைப்படுத்தும் தன்மை குறைந்ததென்று பொய்யுரைத்து விற்றது. 2007இல் அதன் குழுமக் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 60 கோடி டொலர் செலுத்திற்று. 2020இற் பேர்டியூ மறுபடியும் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டது, இம்முறை பெருங்குற்றங்கள் மூன்று. அவ்வகை மருந்துகளாலும் போதைப் பொருள்களாலும் 1999இலிருந்து அந்நாட்டில் மாண்டோர் ஐந்து இலட்சத்தினும் அதிகம். யாவும் இவ்வொரு கம்பனியின் கணக்கில் விழா, ஆனால் எவ்வளவும் விழாமலில்லை. சிறைக்குப் போனது யார்? 2007இல் குற்றத்தை ஏற்ற அதிகாரிகள் மூவரும் சிறை செல்லவில்லை. கம்பனியோ செல்ல இயலாது. ஆன்மா இல்லாததால் நரகமில்லை, உடல் இல்லாததால் உதையுமில்லை என்று கம்பனிகளைப் பற்றிப் பழைய ஆங்கில நீதிபதி தர்லோ கூறியதாகச் சொல்வர். எம் ஊரில் ஓர் உடல் இருக்கிறது, உதைக்கவும் படுகிறது. அது பிணையாளியின் உடல்.

அமெரிக்காவை மட்டும் பழித்து நம் வீட்டை மறத்தல் நியாயமன்று. 2008 டிசம்பரில் கோல்டன் கீ என்ற கம்பனி கொழும்பில் நொடித்தது. கடனட்டைக் கம்பனி என்று பெயர்; வைப்புப் பணம் திரட்ட அதற்கு உரிமப் பத்திரமே இல்லை. ஆயினும் ஏறக்குறைய 2,600 கோடி ரூபா வைப்புப் பணம் அதனுள் இருந்தது. கொடுத்தவர் யாவர்? படியாதவர் அல்லர். ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், வைத்தியர், பொறியியலாளர், நியாயதுரந்தரர். வங்கி தராத வட்டி ஏன் இங்கே வருகிறது என்று ஒரு வினாடி சிந்தித்திருந்தால்... விடுங்கள். பெயரிலேயே தங்கம் இருந்தது, திறவுகோலும் இருந்தது. பூட்டு இருந்ததா என்று எவரும் பார்க்கவில்லை.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். பொறுப்பை வரையறுக்காவிட்டால் எவர்தாம் முதலிடுவர், புகையிரதப் பாதையும் ஆலையும் எங்ஙனம் எழும் என்பர். மெய்யே, மறுக்கவில்லை. எம் கூட்டுறவுச் சங்கங்களும் சட்ட ஆட்களே, அவற்றின் அங்கத்தவருட் பலரும் அந்த வரையறையாலேயே காக்கப்படுகின்றனர். மூளாயிற் கூட்டுறவு ஆஸ்பத்திரி எழுந்தது அவ்வுருவில்தான். ஆனால் சங்கத்தில் ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு. அங்கே நூறு பங்குள்ளவரும் ஒரு பங்குள்ளவரும் ஒரே வாங்கில் இருப்பர். அபாயத்தைப் பகிர்வதற்காகப் பிறந்த கவசத்தை, அபாயத்தைப் பிறர் தலையிற் கட்டுவதற்கு உபயோகிப்பதையே நாம் எதிர்க்கிறோம்.

எனவே நாம் கேட்பவை பெரியனவல்ல. பிணையாளியின் பழைய சலுகையை அச்சடித்த பத்திரத்தாற் பறிக்கலாகாது என்று சட்டம் திருத்தப்படல் வேண்டும். வாய் திறக்க அனுமதி கேட்கும் விதி, கமக்கடனைப் பொறுத்தவரையிலேனும் நீங்க வேண்டும். பொதுமக்களின் வைப்பை ஏற்கும் கம்பனி எதுவாயினும் அதன் பணிப்பாளர்கள், எம் ஊர் ஆசிரியர் வைப்பதைப் போன்ற அதே ஒப்பத்தை, அதே பத்திரத்தில், அதே புள்ளடிக்கு எதிரே வைத்தல் வேண்டும். அப்பொழுது அப்பத்திரத்தின் எழுத்து எவ்வளவு விரைவிற் பெரிதாகும் என்று பார்க்க ஆசைப்படுகிறோம்.

அதுவரை, பிணைப் பத்திரம் எதுவாயினும் ஒப்பமிடுமுன் தமிழிற் பிரதி கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வீட்டுக்கு வாருங்கள். உங்கள் பகுதிச் சட்டத்தரணி ஒருவர் அதை வாசித்துச் சொல்லட்டும். எமது தோழரான சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கிச் சங்கக் கட்டிடங்களிலும் வாசிகசாலைகளிலும் அமர வேண்டுகிறோம். அடுத்த முறை வாக்குக் கேட்டு மேடை ஏறும் கனவான் எவராயினும், எந்தக் கட்சியினராயினும், மேற்சொன்ன மூன்றுக்கும் அவருடைய விடையை எழுத்தில் வாங்கி, அவருடைய ஒப்பத்தோடு எமக்கு அனுப்பி வையுங்கள்.